அம்மாவோடு இரண்டு நாள்: மதுரையா, மைசூரா?

வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை முடிகிறது. திங்கட்கிழமை காலை திரும்ப வேலைக்குப் போயாக வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு நாளை அம்மாவுக்கென்று ஒதுக்கினால் எந்த ஊருக்குக் கூட்டிப்போவது? சென்னையிலிருந்து கிளம்பும் எங்களுக்குக் கடைசியில் நின்ற பெயர்கள் மதுரையும் மைசூரும். இரண்டுமே ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஒரே வருடத்தில் இரண்டுக்கும் போய்வந்தோம். அம்மாவுக்கு 67 வயது, இடது முழங்காலில் வலி, கடைத்தெரு என்றால் உயிர். இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பயணத்தில் மதுரை முந்துகிறது. எழும்பூரில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் படுத்தால் விடியும்போது மதுரை. சனிக்கிழமை முழுசாகக் கையில் இருக்கும். மைசூருக்கு 2022 முதல் வந்தே பாரத் ஓடுகிறது. விடிகாலையில் ஏறி, ஆறரை மணி நேரம் உட்கார்ந்தே போக வேண்டும். இறங்கும்போது மத்தியானம் ஆகிவிடும், காலும் வீங்கிவிடும். காவேரி எக்ஸ்பிரஸில் ராத்திரி படுத்துக்கொண்டு போவதுதான் பெரியவர்களுக்கு நல்லது.

ஆனால் ஊரில் இறங்கிய பிறகு நிலைமை மாறுகிறது. அப்பா அம்மாவோடு போகும்போது எந்த ஊரையும் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் அனுபவம். மீனாட்சி கோயில் நடை பன்னிரண்டரை மணி வாக்கில் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள். வெயிலில் காய்ந்த கருங்கல்லில் வெறுங்காலோடு நடப்பது இளவட்டங்களுக்கே சிரமம். சித்திரை வீதிக்குள் ஆட்டோவும் வராது. ஆவணி மூல வீதியில் இறங்கி நடக்க வேண்டும். முதல் நாள் இது தெரியாமல் பதினொன்றரைக்குக் கிளம்பி, அம்மாவை வாடவைத்துவிட்டேன். மறுபடி சாயங்காலம் போனோம். காலையில் ஆறு மணிக்குப் போகலாம், இல்லை ராத்திரி பள்ளியறை பூஜைக்குப் போகலாம்; இடைப்பட்ட நேரம் வேண்டாம். சொக்கர் பல்லக்கில் மீனாட்சி சந்நிதிக்கு வரும் அந்த ராத்திரி நேரத்தில் பிராகாரம் குளிர்ந்து, கூட்டம் கரைந்து, நாகஸ்வரம் மட்டும் கேட்கும். செல்போனுக்கு உள்ளே அனுமதி கிடையாது, அதுவும் நல்லதாகவே போயிற்று. ஒரு மணி நேரம் அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குத் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. 1636-ல் கட்டியது, தடித்த தூண்களின் நிழலில் உட்காரலாம். அதற்குமேல் அறைக்குப் போய்ப் படுப்பதுதான் வழி.

மைசூர் கடல் மட்டத்துக்கு 700 மீட்டருக்கு மேலே இருப்பதால், நடுப்பகலிலும் ஓரளவு சுற்ற முடிகிறது. அரண்மனை மதியம் மூடுவதில்லை. பழைய மர அரண்மனை 1897-ல் எரிந்துபோக, இப்போதிருப்பதை ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-ல் முடித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் கைவைத்தவர் அவர். அதைச் சொன்னதும் அம்மா அண்ணாந்து வளைவுகளைப் பார்த்து, “அதான் பாத்த மாதிரியே இருக்கு” என்றார். இங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஜகன்மோகன் அரண்மனை ஓவியக் கூடம் சின்னது, அமைதியானது. கையால் விளக்குச் சுடரை மறைத்து நிற்கும் பெண்ணின் படம் அங்கே இருக்கிறது. பலரும் ரவிவர்மா வரைந்தது என்று நினைப்பார்கள், வரைந்தவர் ஹல்தங்கர். சாமுண்டி மலைக்கு ஆயிரம் படி ஏற வேண்டியதில்லை, உச்சிவரை பஸ் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு அரண்மனையில் சுமார் ஒரு லட்சம் விளக்குகள் ஒன்றாக எரியும் அந்த நொடிக்கு ஈடாக மதுரையில் எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இரவு ரயில் பிடிப்பவர்கள் பெட்டியைக் கையோடு வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும்.

சாப்பாட்டில் ஜெயித்தது யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மதுரைப் பருத்திப்பாலும் ராத்திரி இட்லியும் ஒரு பக்கம். பல் தகராறு உள்ளவர்களும் சிரமமில்லாமல் சாப்பிடும்படி மெத்தென்று, வெண்ணெய் வைத்து வரும் மைலாரி தோசை இன்னொரு பக்கம்.

இனி கடைத்தெரு. எங்களுக்கு முடிவைத் தந்தது இதுதான்.

மைசூர் தேவராஜா மார்க்கெட் நூறு வருடத்துக்கு மேல் பழையது. 2016-ல் ஒரு பகுதி இடிந்தும், இடித்துக் கட்டுவதா, பழுதுபார்ப்பதா என்று வழக்காகியும் பிழைத்து நிற்கிறது. கூம்பு கூம்பாகக் குவித்த குங்குமம், நஞ்சன்கூடு ரசபாளெ வாழைப்பழம், அடுக்கிய வெற்றிலை, குட்டிக் குட்டி அத்தர் பாட்டில்கள். கண்ணுக்கு மதுரையைவிட அழகு என்பேன். சந்தன எண்ணெய் என்று மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள்; அசல் அந்த விலைக்கு வராது. ஆட்டோக்காரர் ஒருவர் “பட்டு ஃபேக்டரி” என்று எங்களை ஒரு தனியார் கடையில் இறக்கிவிட்டு அரைநாளை வீணாக்கினார். மைசூர்ப் பட்டு வேண்டுமென்றால் அரசுப் பட்டுக் கழகத்தின் கடைக்கு நேராகப் போங்கள்.

பூக்கடையில் அம்மா தயங்கித் தயங்கி “ஒரு முழம்” என்று கையைக் காட்ட, கடைக்காரர் கன்னடத்தில் “மொள, மொள” என்று சிரித்தார். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் நான் பேச, அவர் என் பின்னால் வந்தார்.

மதுரையில் அது தலைகீழ். சுங்குடிக் கடையில் அம்மாவே முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய சேலையையும் அச்சடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று எனக்குக் காட்டினார். கையால் முடிந்ததில் புள்ளி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, துணியில் மெல்லிய சுருக்கம் தெரியும். புது மண்டபத்துத் தையல்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதை விசாரித்துக் கண்டுபிடித்தவரும் அவரே. வடக்கு மாசி வீதி முனையில் பூக்காரம்மா, “என்னக்கா, எத்தன முழம்?” என்று அளக்கத் தொடங்க, “கைய மடக்காம அளம்மா” என்றார் அம்மா. அரைமணி நேரம் அங்கேயே நின்று இரண்டு பேரும் மருமகள், முழங்கால், மல்லி விலை எல்லாம் பேசித் தீர்த்தார்கள். அவ்வளவு நேரம் நின்றும் முழங்கால் வலிக்கிறது என்று அம்மா என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அதனால் என் முடிவு மதுரை. கோடையில் போவதாக இருந்தாலோ, ஜனங்களோடு பேசுவதைவிடப் பார்ப்பதிலும் படிப்பதிலும் ஆர்வமுள்ள அப்பாவோடு போவதாக இருந்தாலோ மைசூரைச் சொல்வேன். மதுரைக்குச் சித்திரைத் திருவிழா சமயத்திலும் மைசூருக்குத் தசராவிலும் முழங்கால் வலிக்காரர்களைக் கூட்டிப்போகாதீர்கள்.

ஞாயிறு விடிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனோம். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லி சாக்குச் சாக்காக வந்து இறங்கும் இடம். அம்மா அரைக்கிலோ மொட்டும் ஒரு கட்டு வாழைநாரும் வாங்கினார். மத்தியான ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து திருச்சி வரைக்கும் தொடுத்தார். விழுப்புரம் தாண்டும்போது பொழுது சாய்ந்து, மொட்டுகள் விரியத் தொடங்கியிருந்தன. முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்ததும், அம்மா கையை நன்றாக நீட்டி ஒரு முழம் அளந்து கிள்ளிக் கொடுத்தார்.