கையடக்க லேசர் மீத்தேன் கருவி: வழுதூர்ப் பக்கம் பயன்படுத்திப் பார்த்ததில்

ராமநாதபுரம் மாவட்டத்தில் காஞ்சிரங்குடி, வழுதூர் பக்கம் எரிவாயு பைப்லைன் ஓரமாக நடந்து கசிவு தேடுவது என் வேலை. பழைய கருவியைக் குழாய்ப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும். சீமைக்கருவேல முள்ளுக்குள் நுழையாமல் முடியாது. லேசர் கருவியை நின்ற இடத்திலிருந்து நீட்டினால் போதும். 30 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரிலோ மணலிலோ ஒளி பட்டுத் திரும்பும். வழியில் மீத்தேன் (குழாய் எரிவாயுவில் பெரும்பகுதி இதுதான்) இருந்தால், 1.65 மைக்ரான் அலைநீளமுள்ள அந்த லேசர் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். குறைந்த அளவை வைத்துக் கருவி எண் காட்டும்.

அந்த எண் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அல்ல, பிபிஎம்-மீட்டர். அதாவது பிபிஎம்மை வாயு பரவியிருக்கும் அகலத்தால் பெருக்கியது. இது புரியாமல் கருவியைத் தொடாதீர்கள். 1 மீட்டர் அகலத்துக்கு 100 பிபிஎம் இருந்தாலும், 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 1,000 பிபிஎம் இருந்தாலும் காட்டுவது 100தான். சாதாரணக் காற்றிலேயே மீத்தேன் சுமார் 1.9 பிபிஎம் இருக்கிறது. 20 மீட்டர் தள்ளி அடித்தால் கசிவே இல்லாமல் 40 பக்கம் வரும். புதிதாகச் சேரும் பையன்கள் அதைப் பார்த்துப் பதறுகிறார்கள்.

இத்தாலியில் நேபிள்ஸ் அருகே காம்பி ஃப்ளெக்ரெய் எரிமலைப் பகுதியிலும் இதே முறைதான். நிலத்திலிருந்து எரிமலை வாயு வெளியேறும் புகைவாய்க்கு ஒரு பக்கம் லேசர், எதிரே ஒளியைத் திருப்பும் கண்ணாடி. அவர்கள் தேடுவது கார்பன் டை ஆக்சைடு. மாக்மா, அதாவது நிலத்தடிப் பாறைக்குழம்பு, மேலே ஏறும்போது அதில் கரைந்திருக்கும் வாயுக்களில் முந்திப் பிரிவது அதுதான். பல கோடுகளில் அளந்து, வாயு எழும் வேகத்தையும் சேர்த்து, நாளைக்கு எத்தனை டன் என்று கணக்கெடுக்கிறார்கள். அவர்கள் பாடு எனக்கு நன்றாகவே புரிகிறது. காற்றிலேயே 420 பிபிஎம் கிடக்க, எரிமலை சேர்த்ததை மட்டும் பிரித்தெடுக்க வேண்டுமே! அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு.

நம் கடற்கரைக்கு வருவோம். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் ஆனி, ஆடியில் விடியற்காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் காற்று வாயுவைக் கலைத்துவிடும். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஒளி சரியாகத் திரும்பாது. லென்ஸில் உப்பு படியும், தினமும் துடைக்க வேண்டும்.

மண்டபத்தில், குளிரூட்ட அம்மோனியா பயன்படுத்தும் ஐஸ் கம்பெனி நடத்தும் ஒருவர் கேட்டார்: "அம்மோனியா கசிஞ்சா இது காட்டுமா தம்பி?"

காட்டாது அண்ணே. இது மீத்தேனுக்கு மட்டுமே. வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும், அதையும் காட்டாது. லட்சக்கணக்கில் கொடுத்து இதை வாங்காதீர்கள். ஆட்கள் வேலை செய்யும் இடம், முதலில் அம்மோனியா சென்சார் மாட்டுங்கள்.