இரட்டை நிற மாடல் கார்: ஸ்பிரே கேனா, ஏர்பிரஷ்ஷா?

மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று அடித்த காரில் கண் முதலில் போவது இரண்டு நிறமும் சந்திக்கும் கோட்டுக்குத்தான். அந்தக் கோடு எப்படி வருகிறது என்பதை வைத்தே ஸ்பிரே கேன், ஏர்பிரஷ் இரண்டையும் பார்க்கிறேன்.

ஸ்பிரே கேனில் பெயின்ட் வேகமாக, நிறைய வரும். ஒரே நிறம் அடிக்க அருமை; பளபளப்பும் எளிதில் கிடைக்கும். ஆனால் மாஸ்கிங் டேப் (பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் டேப்) ஓரத்தில் பெயின்ட் தேங்கி, டேப்பை உரித்ததும் மேடு தெரியும். கதவு இடுக்குகளும் நிரம்பிவிடும். 20 செ.மீ. தள்ளி, மெல்லிய பூச்சுகளாக அடித்தால் ஓரளவு குறையும்.

ஏர்பிரஷ் என்பது காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தெளிக்கும் பேனா போன்ற கருவி; இதில் அழுத்தம், பெயின்ட் அளவு இரண்டும் நம் கையில். காற்றழுத்தத்தை 15 முதல் 20 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வைத்து, டேப்பின் பக்கமிருந்து வெளிநோக்கி அடித்தால் அடியில் கசியாது, மேடும் மிகக் குறைவு. கழுவும் வேலை அதிகம்தான், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரும் வேண்டும். இருந்தாலும் இரட்டை நிறத்துக்கு என் ஓட்டு இதற்கே.

எதுவானாலும் வெளிர் நிறம் முதலில். அது நன்றாகக் காய்ந்த பிறகு டேப் ஒட்டி, ஓரத்தில் அதே வெளிர் நிறத்தை லேசாக அடியுங்கள்; டேப்புக்கு அடியில் உள்ள இடைவெளி அடைபடும். அப்புறம் அடர் நிறம். கேன்தான் இருக்கிறதா? சரி, கடைசியில் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்து, காய்ந்ததும் 2000 கிரிட் என்ற மிக நைசான உப்புத்தாளில் நீர் விட்டுத் தேய்த்தால் மேடு சமமாகும்.