புதிய காரில் ஆயில் குறைந்தால்: அளந்து ஊற்றுவதா, முன்கூட்டியே மாற்றுவதா?

புதிய கார் 3,000 கி.மீ. ஓடியிருந்தபோது, ஒரு நாள் காலையில் எஞ்சின் ஆயிலின் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மீண்டும் செருகிப் பார்த்தேன். மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இறங்கியிருந்தது. சர்வீஸோ 10,000 கி.மீ.யில்தான். குறைந்ததை மட்டும் ஊற்றிக்கொண்டு ஓட்டுவதா, 5,000 கி.மீ.யிலேயே ஆயில் முழுவதையும் மாற்றிவிடுவதா என்று யோசித்து முதல் வழியைத் தேர்ந்தேன். இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

முன்கூட்டியே மாற்றுவதற்கும் நியாயம் உண்டு. தொடக்க ஓட்டத்தில் தேய்ந்து உதிரும் உலோகத் துகள்கள் பழைய ஆயிலோடு வெளியேறிவிடும். ஆனால் அவற்றில் பெரியவற்றைப் பிடித்து வைப்பதற்கே ஃபில்டர் இருக்கிறது. ஆலையில் நிரப்பிய ஆயிலை முதல் சர்வீஸ் வரை மாற்ற வேண்டாம் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உள்ளனர். செலவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது கணக்குதான். ஆயிலை மாற்றியதும் அளவு மேல்கோட்டுக்குப் போய்விடுகிறது. வடித்த ஆயிலை அளந்து பார்த்தாலொழிய, எவ்வளவு குறைந்தது என்ற தகவல் அதோடு அழிந்துபோகிறது. சிலிண்டர் சுவரில் ஆலையிலேயே கீறப்பட்ட நுண்வரிகளோடு பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களான பிஸ்டன் ரிங்குகள் பொருந்தி அமரும்வரை, புதிய எஞ்சின் கொஞ்சம் ஆயிலை எரிப்பது இயல்பே. ஆகவே குறைகிறதா என்பதைவிட, குறையும் வேகம் தணிகிறதா என்பதே முக்கியமான கேள்வி. நான் முதல் 3,000 கி.மீ.க்கு 300 மி.லி. ஊற்றினேன், அடுத்த 3,000 கி.மீ.க்கு 200 மி.லி. போதுமாக இருந்தது, அதற்கடுத்து 100 மி.லி.கூடத் தேவைப்படவில்லை. இந்த எண்கள் இறங்காமல் அப்படியே நின்றிருந்தால், ரிங், ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல், டர்போ சீல் ஆகியவற்றில் குறை இருக்கலாமெனச் சந்தேகித்து, தேதியும் கி.மீ.யும் எழுதிய அதே பட்டியலோடு வாரண்டி கோரியிருப்பேன்.

1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை குறைவது இயல்பு என்று சில கையேடுகள் கூறுகின்றன. பல கார்களில் டிப்ஸ்டிக்கின் இரு கோடுகளுக்கு இடையே உள்ள அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். அப்படியானால், "இயல்பு" எனப்படும் ஒரு எஞ்சினே 2,000 கி.மீ.யில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடும். பல கார்களில் சிவப்பு ஆயில் விளக்கு காட்டுவது அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரியும் நேரத்தில் எஞ்சினுக்குச் சேதம் தொடங்கியிருக்கலாம்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். சமதளத்தில், எஞ்சினை நிறுத்தியபின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். குறுந்தூரம் மட்டுமே ஓடும் காரில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து குறைவை மறைத்துவிடும். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடி எஞ்சின் நன்கு சூடானதும் அது ஆவியாகி, அளவு திடீரென இறங்கியதுபோல் தெரியும். ஆகையால் நீண்ட பயணத்துக்குப் பின் எடுத்த அளவையே பட்டியலில் சேர்க்கிறேன். புகைக் கரியைப் பிடிக்கும் துகள் வடிகட்டி உள்ள டீசல் கார்களில், வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது டீசல் கலந்து ஆயில் அளவு ஏறவும் கூடும். நான் டீசல் கார் வைத்திருந்ததில்லை என்பதால், என் கணக்கை அவற்றுக்குப் பொருத்திச் சொல்ல மாட்டேன்.

ஊற்றுவதில் உள்ள ஆபத்து, அளவு மீறுவதுதான். மேல்கோட்டைத் தாண்டி அதிகமாக ஊற்றிவிட்டால் எஞ்சினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். கையேட்டில் குறித்த அதே தரத்தை, ஒரு முறைக்கு 100 மி.லி. வீதம் ஊற்றி, சில நிமிடம் விட்டு மீண்டும் பார்த்தால் இந்தத் தவறு நேராது.

டிப்ஸ்டிக்கில் அளவு ஏறி, துடைத்த துணியில் பெட்ரோல் வாடையும் அடித்தால் மட்டும் நான் இரண்டாவது வழிக்கு மாறுவேன். மெலிந்துபோன ஆயிலின் மேல் புதியதை ஊற்றிப் பயனில்லை.