ஷெட்டில் நிற்கும் காருக்குக் கொஞ்சம் வெயில்: காரைக்குடிப் பயண அனுபவம்

காரைக்குடியில் கார் பேட்டரி வாங்குவது ரொம்பச் சுலபம். போன் போட்டால் அரை மணி நேரத்தில் புதுப் பேட்டரியோடு வாசலுக்கே வந்து மாட்டிவிட்டு, பழையதற்கு ஒரு விலை போட்டுக் கழித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். 'பழையது ஏன் படுத்தது, புதுசும் அப்படிப் படுக்காமல் இருக்க என்ன செய்யலாம்' என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது. இந்தத் தடவை அப்படி ஓர் ஆள் கிடைத்தார். எங்களைப் போல வீட்டையும் வண்டியையும் ஊரில் பூட்டி வைத்துவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் எனக்குக் கார் கிடையாது. அங்கே கார் வைத்துக்கொள்ள அரசாங்கத்திடம் வாங்க வேண்டிய உரிமச் சீட்டான சிஓஇ எடுக்கிற காசுக்கு இங்கே நாலைந்து கார் வாங்கிவிடலாம். ஊரில் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பா) வாங்கிய பழைய வேகன்ஆர் இருக்கிறது. ஆத்தா இப்போது சென்னையில் தம்பி வீட்டில் இருப்பதால், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் திருவிழாவுக்கும் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கும்தான் வீடு திறக்கிறது. மற்ற நாட்களில் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவோம். வயரிங் அந்தக் காலத்தது. ஆளில்லாத வீட்டில் கரண்ட்டை விட்டு வைக்க யாருக்கும் மனசில்லை. ஆகவே சுவரில் பிளக் செருகி வைக்கிற பேட்டரி சார்ஜர் எங்களுக்குச் சரிவராது.

வண்டி நிற்பது பின்தெருப் பக்கம், முன்பு வில்வண்டி நின்ற கொட்டகையில். நம் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீண்டு கிடப்பவை ஆயிற்றே. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வாரம் தவறாமல் வந்து வண்டியை ஐந்து நிமிஷம் ஓட விட்டு நிறுத்துவார். அப்படியும் ஒவ்வொரு தடவை நாங்கள் வரும்போதும் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும்தான் வரும். செல்ஃப் அடிக்காது.

முதலில் இன்ஷூரன்ஸோடு சேர்த்து வாங்கியிருந்த சாலையோர உதவிச் சேவையைக் கூப்பிட்டேன். அவர்கள் கேட்டதெல்லாம் பாலிசி நம்பர், ஓடிபி, லொகேஷன். பின்தெரு, கொட்டகை என்று எவ்வளவு சொல்லியும் ஆள் வந்து நின்றது முகப்பு வாசலில். அதுவும் மதியச் சாப்பாடு முடிந்த பிறகு. ஜம்ப் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை பழையபடி டிக் டிக்.

அப்புறம் பேட்டரிக் கடை. வாரண்டி இன்னும் முடியவில்லை என்று கார்டை நீட்டினேன். வோல்டேஜ் பார்த்தார்கள், 11 சொச்சம். 'ஓட்டாம நிறுத்தி வெச்சதுக்கு வாரண்டி கிடையாது சார்' என்று சொல்லிவிட்டார்கள். அது சரிதான், கார்டின் பின்பக்கப் பொடி எழுத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதே மூச்சில், இன்னும் பெரிய ஆம்பியர் பேட்டரியாகப் போட்டால் நின்று பேசும் என்றார்கள் பாருங்கள், அதுதான் இடித்தது. ஓட்டைப் பானை ஒழுகுகிறது என்றால் பெரிய பானையாக வாங்கு என்பது என்ன வைத்தியம்?

சோலார் யோசனை எனக்கு வெகு நாளாக உண்டு. நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் போய் சின்னப் பானல் வேண்டும் என்றேன். 'மூணு கிலோவாட் போதுமா, அஞ்சா?' என்று ஆரம்பித்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. 2024இல் வீட்டுக் கூரை சோலாருக்கென்று மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் வந்ததிலிருந்து எல்லாருக்கும் அந்த ஞாபகம்தான்: 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போனால் 78,000 ரூபாய் மானியம். நான் கேட்டது 10 வாட். கடைக்காரர் பையனைப் பார்க்க, பையன் கூரையைப் பார்க்க, கடைசியில் தெருவிளக்குக்கு வைக்கிற மாதிரி ஒன்றை உள்ளேயிருந்து தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். 850 ரூபாய். 'சின்னப் பானல்தானே, கன்ட்ரோலர் எதுக்கு, நேரா பேட்டரியிலயே கொடுத்துடுங்க' என்று இலவச ஆலோசனையும் கிடைத்தது. கன்ட்ரோலர் என்பது பானலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜை அளந்து விடுகிற சின்னப் பெட்டி. போதாததற்கு, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற வயர் ஒன்றையும் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

வயரை மறுத்துவிட்டுப் பானலை மட்டும் தூக்கிக்கொண்டு, கழனிவாசல் பக்கம் இருக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். தகரக் கொட்டகை, வாசலில் பிரித்துப் போட்ட டைனமோக்கள், உள்ளே ஒரே ஒரு ஸ்டூல். முப்பது வயதுக்குள் இருக்கும். பானலைப் பார்த்ததும் அவர் விலை கேட்கவில்லை, கம்பெனி கேட்கவில்லை. 'வண்டி எத்தனை நாள்ல படுக்குது அண்ணே?' என்று கேட்டார். அத்தனை பேரில் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். அன்று அவர் செய்த வேலையை முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அந்த முனைக்கும் கழற்றிய வயருக்கும் நடுவில் மல்டிமீட்டரைக் கோத்தார். உடனே ரீடிங் எடுக்கவில்லை. 'வண்டி தூங்கட்டும்' என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கொண்டுவந்த காபியை ஆற அமரக் குடித்தார். சாவியை எடுத்த பிறகும் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகுமாம். அதன் பிறகு, வண்டி சும்மா நிற்கும்போதே பேட்டரியிலிருந்து வடிகிற கரண்டாக மீட்டர் காட்டியது ஏறக்குறைய 70 மில்லிஆம்பியர். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகிக்கொண்டே வந்தார். ஒரு ஃப்யூஸை எடுத்ததும் மீட்டர் சடாரென்று 30க்கு இறங்கியது. அது பிற்பாடு வெளிக் கடையில் மாட்டிய மியூசிக் சிஸ்டம். சாவி நிறுத்தினாலும் அணையாதபடி யாரோ நேர் கரண்ட் கொடுத்திருக்கிறார்கள்.

கணக்கு அவரே சொன்னார். 70 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.7 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-அவர்). எங்களுடையது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. மூன்று வாரத்தில் முழுக்கக் காலி; செல்ஃப் அடிக்க மறுப்பது அதற்கும் முன்பே. மீதியிருக்கிற 30 கடிகாரம், லாக், கம்ப்யூட்டர் வகையறாவுக்கு. அதைக் குறைக்க முடியாது. அது மட்டும் என்றாலும் ஒன்றரை மாதத்தில் வடித்துவிடும்.

அப்படியானால் வாரா வாரம் ஸ்டார்ட் செய்ததெல்லாம்? அந்த அண்ணன் பக்கத்திலேயே நின்றதால் எலக்ட்ரீஷியன் பதமாகத்தான் சொன்னார். ஐந்து நிமிஷம் ஐட்லிங்கில் ஓடினால் செல்ஃப் எடுத்தது திரும்பிவிடும், மேற்கொண்டு கொஞ்சம் ஏறும். ஆனால் வாரம் பூரா வடிந்த பத்துப் பன்னிரண்டு ஆம்பியர்-அவர் அதில் எப்படித் திரும்பும்? இருபது கிலோமீட்டராவது ரோட்டில் ஓட்டினால் உண்டு. பாதி சார்ஜிலேயே கிடக்கிற பேட்டரியில் ஈயத் தகடுகள் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் என்ன சார்ஜ் கொடுத்தாலும் பழைய கொள்ளளவு வராது. எங்கள் பேட்டரிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் செத்த கதை இதுதான்.

(மின்வேதியியலுக்கென்றே மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊர் இது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தது. பேட்டரிக்குள் நடப்பதை உலகத்துக்கே சொல்கிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். எனக்குச் சொன்னவர் தகரக் கொட்டகைக்காரர்.)

செலவில்லாத வழியையும் அவரே முதலில் சொன்னார்: நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு அது போதும். ஆனால் கழற்றி வைத்தாலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக வடியும், சூடு 10 டிகிரி கூடினால் அந்த வடிசல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரை வைகாசியில் நம்மூர்த் தகரக் கொட்டகைக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறேழு மாதம் ஆள் வராத வண்டிக்குப் பானல்தான் தோது என்றார்.

பானலை எங்கே வைப்பது என்பது தனிப் பஞ்சாயத்து. வீட்டுக் கூரை பங்காளிகள் எல்லாருக்கும் பொது. அதில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் கோலாலம்பூரிலிருந்து கோயம்புத்தூர் வரை வாட்ஸ்அப்பில் சம்மதம் வாங்க வேண்டும். கொட்டகை எங்கள் பாகம் என்பதால் தப்பித்தோம். அதன் தகரக் கூரையில் தெற்குப் பார்த்து, கொஞ்சமே கொஞ்சம் சாய்வாக வைத்தார். காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்தவுடன் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வந்து, அப்புறம் ஆவணி வரை வடக்கே ஒதுங்கியிருக்கும். நிறையச் சாய்த்தால் அந்த மாதங்களில் நஷ்டம். மழையில் தூசி வழிந்து போகிற அளவு சாய்வு இருந்தால் போதும்.

கன்ட்ரோலர் வேண்டாம் என்று கடையில் சொன்னதைச் சொன்னேன். சிரித்தார். 12 வோல்ட் பானல் என்று விற்றாலும் வெயிலில் அது 17, 18 வோல்ட் கொடுக்கும், சும்மா விட்டால் 21 வரை போகும். பேட்டரி நிறைந்த பிறகும் மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருந்தால் உள்ளே தண்ணீர் வற்றிவிடும். ராத்திரியில் கரண்ட் பானல் வழியாகத் திரும்பிப் போகாமல் தடுப்பதும் கன்ட்ரோலர்தான். அவரிடமே ஒன்று இருந்தது, 450 ரூபாய். லைட்டர் சாக்கெட் வயரை நான் வாங்காதது நல்லதாம். எங்கள் வண்டியில் சாவி எடுத்தால் அந்த சாக்கெட்டும் செத்துவிடும், சூரியன் எவ்வளவு ஊற்றினாலும் பேட்டரிக்குப் போகாது.

எனக்குப் பிடித்தது அவர் கன்ட்ரோலரை வைத்த இடம். நான் கொட்டகைச் சுவரைக் காட்டினேன். அவர் வண்டிக்குள், டாஷ்போர்டுக்கு அடியில் வைத்தார். வண்டியை எடுக்கும்போது ஒரு பிளக்கைக் கழற்ற வேண்டும் அல்லவா? கன்ட்ரோலர் சுவரில் இருந்தால் கழற்றும்போது பேட்டரி போய், பானல் மட்டும் அதில் மிஞ்சும். மலிவான கன்ட்ரோலர்களுக்கு அது ஆகாது. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பானல். கழற்றும்போது முதலில் பானல், பிறகு பேட்டரி. வண்டிக்குள் வைத்துவிட்டால் இந்த வரிசை தானாக அமைந்துவிடுகிறது. பிளக்கும் தலைகீழாகச் செருக முடியாத இரண்டு முனை வகை. பாசிட்டிவ் முனையை ஒட்டி 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று. அப்புறம் பிளக்குக்கு மேலே ஒரு முழம் சிவப்புத் துணி கட்டி, டிரைவர் பக்கக் கதவுக் கைப்பிடியில் சுற்றிவிட்டார். கழற்றாமல் கதவைத் திறக்க முடியாது. இல்லாவிட்டால் யாராவது அவசரத்தில் கூரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

கூலி 600 கேட்டார். மியூசிக் சிஸ்டம் வயரை மாற்றிக் கொடுத்ததும் அதில் அடக்கம். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை.

பேட்டரி மட்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருந்தது, பழையது தேறவில்லை. பெரிய ஆம்பியர் எல்லாம் இல்லை, அதே 35தான். கிளம்பிய பிறகு, பார்த்துக்கொள்ளும் அண்ணன் இப்போது வாரா வாரம் ஸ்டார்ட் செய்வதில்லை. விடிகாலையில் வெயில் வருவதற்கு முன் கன்ட்ரோலர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புவார். 12.6, 12.7 வோல்ட் என்று நிறைந்தே நிற்கிறது. பகலில் எடுத்தால் பானல் ஏற்றிக்கொண்டிருப்பதால் 13க்கு மேல் காட்டும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நல்ல வெயில் நாளில் தூசி போக இரண்டு ஆம்பியர்-அவராவது ஏறும், வண்டியும் கன்ட்ரோலரும் சேர்ந்து எடுப்பது ஒன்று. ஐப்பசி அடைமழையில் நாலைந்து நாள் 12.5க்கு இறங்கியது, மழை விட்டதும் ஏறிவிட்டது. ஒரு தடவை மட்டும் நல்ல வெயிலிலும் ஏறவில்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் மயில் எச்சம். ஒரு மூலை மறைந்தாலே மொத்தப் பானலும் சுணங்கிவிடும். இப்போது மாதம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலைகளில் சேர்ந்துவிட்டது.

கோலாலம்பூர்ப் பங்காளியும் இதே மாதிரி வேண்டும் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறார். பங்காளியின் கொட்டகை மேல் பக்கத்து வீட்டு வேப்பமர நிழல் பதினோரு மணி முதல் விழுகிறது. கிளையை வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள், பானல் மாட்டிக் காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டாராம். பங்காளி இப்போது பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறார்.