படகில் நானே கட்டிய டீசல் ஜெனரேட்டர்: வருஷக்கணக்கில் ஓட்டிய அனுபவம்

முதலில் என்ன கட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். தண்ணீரில் குளிர்வது, 300 சிசி சொச்சம், குபோட்டா ஈஏ300 ரகம். பக்கத்தில் மின்சாரம் உண்டாக்க, லாரிகளில் இருப்பது போன்ற பெரிய 12 வோல்ட் ஆல்டர்னேட்டர். இரண்டையும் ஓர் இரும்புச் சட்டத்தில் உட்காரவைத்து பெல்ட் மாட்டியிருக்கிறேன். மின்சாரம் டிசியாக, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்டாக, நேரே பேட்டரிக்குப் போகிறது. வீட்டில் வருவது போன்ற ஏசி கரண்ட் கேட்கும் சாமான்களுக்கு, டிசியை ஏசியாக்கும் இன்வெர்ட்டர் இருக்கிறது.

ஏன் டிசி? சாதாரண ஏசி ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் தர வேண்டுமானால் நிமிடத்துக்கு 1,500 அல்லது 3,000 சுற்றில் பிசகாமல் நிற்க வேண்டும். பேட்டரிக்கு அந்தக் கவலை கிடையாது. என் எஞ்சின் 2,400 சுற்றில் நிதானமாக ஓடுகிறது. புல்லி இரண்டுக்கு ஒன்று என்பதால் ஆல்டர்னேட்டர் 4,800-ல் சுற்றுகிறது.

இத்தனை வருஷத்தில் எஞ்சின் தொல்லை தந்ததே இல்லை. ஆயில் மாற்றினால், டீசலைத் தண்ணீர் இல்லாமல் வடிகட்டிக் கொடுத்தால், அது பாட்டுக்கு ஓடும். தொல்லையெல்லாம் அதைச் சுற்றி நாம் மாட்டுகிற சாமான்களில்தான்.

ஆல்டர்னேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 200 ஆம்பியர் என்று போட்டிருக்கும். மூடிய பெட்டிக்குள் சூடேறிவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை வெளியே தனியாகப் போட்டு, ஆல்டர்னேட்டரின் உடம்பிலேயே வெப்ப சென்சார் வைத்து, 120 ஆம்பியருக்கு மேல் போகாமல் கட்டிவைத்திருக்கிறேன். 14.4 வோல்ட்டில் அது சுமார் 1,700 வாட். இந்த ரக ஆல்டர்னேட்டர் வாங்குகிற சக்தியில் ஏறக்குறைய பாதியை வெப்பமாக விட்டுவிடும். ஆக எஞ்சின் மூன்றேகால் கிலோவாட்டுக்கு மேல் உழைக்கிறது. மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக டீசல் ஆகும்.

அப்புறம் பெல்ட். ஒற்றை வி-பெல்ட் இவ்வளவு சுமையைத் தாங்காது. பட்டையான, பல வரிகள் ஓடும் பெல்ட்தான் நல்லது. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் பெட்டியின் தரையில் மை கொட்டியது போல் கறுப்புத் தூள் படியும். நான் மூடியைத் திறந்ததும் முதலில் விரலால் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். தூள் கூடினால் நீளமான இரும்புப் பட்டையை இரண்டு புல்லிகளின் முகத்திலும் வைத்துப் பார்ப்பேன். ஒரு மூலையில் வெளிச்சம் தெரிந்தால் பிராக்கெட் நகர்ந்திருக்கிறது. ஒற்றை சிலிண்டரின் குலுக்கலுக்கு எந்த நட்டும் அசையும். அதனால்தான் எக்ஸாஸ்ட், டீசல், தண்ணீர் எல்லாவற்றுக்கும் வளையும் ஹோஸ்.

பேட்டரி மாற்றியதுதான் பெரிய திருப்பம். ஈய பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும் கரண்டை மெதுவாகத்தான் வாங்கும். மிச்சத்தை நிரப்ப எஞ்சின் மணிக்கணக்கில் சும்மா சுற்ற வேண்டும். குறைந்த சுமையில் நீண்ட நேரம் ஓடுவது டீசல் எஞ்சினுக்கு ஆகாது, கரி பிடிக்கும். லித்தியம் பாஸ்பேட் பேட்டரி கிட்டத்தட்ட கடைசிவரை முழு வேகத்தில் வாங்கிக்கொள்கிறது. ஆனால் அதில் ஒரு கண்டம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று சட்டென்று இணைப்பைத் துண்டித்தால், வோல்ட்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக்கும் டயோடுகள் போய்விடும். துண்டிப்பதற்கு முன்பே ரெகுலேட்டரை நிறுத்தும்படி சிக்னல் ஒயர் இழுத்திருக்கிறேன். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடல்தண்ணீர் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது. உயிர்போகிற இரண்டை மட்டும் சொல்கிறேன். குளிர்விக்க வந்த கடல்தண்ணீர் எக்ஸாஸ்ட்டில், அதாவது புகைக்குழாயில், கலக்கும் இடம் படகின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், எஞ்சின் நின்ற பிறகும் கடல் தானாக உள்ளே வழியும். குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்துக் கொண்டுபோய், உச்சியில் காற்று வால்வு வைத்தே ஆக வேண்டும். ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்பச் சுற்றவைக்கும்போதும் கடல்நீர் வால்வை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் பம்ப் தள்ளும் தண்ணீர் புகைக்குழாயின் மஃப்ளரில் நிறைந்து சிலிண்டருக்கே திரும்பும். இன்னொன்று புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. அதற்கு வாசனை கிடையாது. படுக்கும் அறையில் அலாரம் இல்லாமல் இதை ஓட்டவே கூடாது.

சத்தம்? பெட்டிக்குள் ஃபோம் ஒட்டியும் "டக் டக்" அடங்கவில்லை. இரவில் மற்ற படகுகள் பக்கத்தில் நங்கூரமிட்டிருந்தால் நான் ஓட்டுவதில்லை.

சரி, எல்லோரும் கட்டலாமா? சோலார் பேனல் வைக்க மேலே இடமிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். மேகம் மூடிய வாரங்களிலும், ஆட்டோபைலட்டும் ஃப்ரிட்ஜும் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியும் ஒன்றாக ஓடும் நாட்களிலும்தான் இதன் அருமை தெரிகிறது. மறுபடி கட்டினால் 48 வோல்ட்டுக்குப் போவேன். அதே சக்திக்குக் கரண்ட் கால்வாசிதான். இப்போது கட்டைவிரல் தடிமனில் ஓடுகிற கேபிளும் மெலிந்துவிடும்.