மூன்றடுக்கு சாம்பிள் பெட்டி: வாங்கலாம், ஐஸ் பேக்கை மட்டும் மாற்றிவிடுங்கள்

மதுரை பனகல் ரோட்டில் யுஎன் 3373 (பி பிரிவு நோய் மாதிரிகளை அனுப்புவதற்கான ஐ.நா. எண்) முத்திரையோடு கிடைக்கும் மூன்றடுக்கு சாம்பிள் பெட்டியைப் பற்றியது இந்த மதிப்புரை. சளி, ரத்த மாதிரிகளைச் சென்னைக்கோ புனேவுக்கோ அனுப்பும் லேப்கள் தயங்காமல் வாங்கலாம். கூடவே வரும் பயன்பாட்டுத் தாளை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்றடுக்கு என்றால் சாம்பிள் குழாய், அதை வைக்கும் நடு டப்பா, வெளிப்பெட்டி. இதன் பலம் நடு டப்பா. மூடிக்குள் சிலிக்கோன் வாஷர், ஆழமான மறை. தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து வைத்தாலும் கசிவில்லை. விமானத்தில் போகும் சாம்பிளுக்குக் குழாயோ நடு டப்பாவோ, ஏதாவது ஒன்று 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும். இதில் டப்பா தாங்குகிறது. ஆனால் கொடுத்திருக்கும் உறிஞ்சு தாள் ஒன்றே ஒன்று, அதுவும் மெல்லியது. 3 மில்லி விடிஎம் (வைரஸ் சாம்பிளைக் கெடாமல் வைக்கும் திரவம்) குழாய் பத்து வைத்தால், பத்தும் உடைந்தாலும் 30 மில்லியையும் குடிக்கும் அளவு பஞ்சு உள்ளே இருக்க வேண்டும். குழாய்களைத் தனித்தனியே சுற்றுங்கள், ஒன்றோடொன்று உரசக் கூடாது. சாம்பிள் பட்டியலை ஜிப் கவரில் போட்டு நடு டப்பாவுக்கு வெளியே வைக்க வேண்டும்.

பெரிய குறை ஜெல் பேக். டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் வைத்தால் ஓரத்துக் குழாய்கள் உறைந்துபோகும். மெதுவாக உறைந்த சாம்பிளில் வைரஸ் சிதையும். பிறகு அதை வளர்த்துப் பார்க்க முடியாது. தண்ணீர் ஐஸ் பேக் என்றால் சற்று வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற பதத்தில் அடுக்கிவிடலாம். ஜெல்லில் அந்தச் சத்தம் வராது, பதம் பிடிபடாது. தடுப்பூசி கேரியருக்கான 0.4 லிட்டர் பேக் நான்கைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள், 72 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் கிடக்கும் நேரத்தையும் அதில் கணக்கிடுங்கள்.

டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைக்க இந்தப் பெட்டி ஆகாது. மூடி காற்றுப் புகாமல் இறுகுவதால் வாயு வெளியேற வழியின்றிப் பெட்டி வெடிக்கலாம்.

இவ்வளவு கறார் எதற்கு என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். 2020 ஜனவரியில் சீன விஞ்ஞானிகள் புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசையைப் பொதுவில் வைத்தார்கள். பெர்லின் ஷரிட்டே மருத்துவமனைக் குழுவின் பரிசோதனை முறையை உலக சுகாதார நிறுவனம் அதே மாதம் வெளியிட்டது. அம்மாத இறுதியில், திருச்சூரிலிருந்து போன சாம்பிளில் இந்தியாவின் முதல் கொரோனா தொற்றைப் புனே தேசிய வைராலஜி நிறுவனம் உறுதிசெய்தது. அந்தச் சாம்பிள் வழியில் கசிந்திருந்தால் சீனத்து வரிசையும் பெர்லின் முறையும் இருந்தும் பயனில்லை. ஒரு நிகழ்வு உலகளவில் அக்கறைக்குரியது என்று மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் நாடுகள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நோய் எதுவென்று தெரியாவிட்டால் அந்த மதிப்பீடே தள்ளிப்போகும். அனுப்புகிறவருக்கும் பலன் திரும்பி வர வேண்டும் என்பதும் நியாயம்தான். தடுப்பூசி எட்டாத விலையில் இருந்ததால் 2007இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் சாம்பிள்களைப் பகிர மறுத்தது. அந்தச் சண்டைக்குப் பிறகே 2011இல் இன்ஃப்ளூயன்சா சாம்பிள்களையும் அவற்றால் வரும் பலன்களையும் பகிர்வதற்கான ஏற்பாடு வந்தது.

பயன்பாட்டுத் தாளில் 'எல்லா வைரஸுக்கும்' என்று போட்டிருக்கிறது. இது தவறு, ஆபத்தும்கூட. நிபா சந்தேகம் என்றால் சாம்பிள் ஏ பிரிவு (உயிருக்கே ஆபத்தான கிருமிகளுக்கானது), யுஎன் 2814. அதற்கான பெட்டி 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் தாங்க வேண்டும். இந்தப் பெட்டிக்கான சோதனை 1.2 மீட்டர்தான். கேரள எல்லையை ஒட்டிய கம்பம், போடி லேப்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சாம்பிள் எடுக்கும் முன்பே மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவைக் கூப்பிடுங்கள்.

காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது கிருமி நீக்கி, யுஎன் 3373 முத்திரையை மறைத்துவிடுங்கள்.