கடலோரத்துக்குப் பழைய லோடு வண்டி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: சேஸை, அதாவது அடிச்சட்டத்தை, தட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

3,60,000 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், அங்கங்கே கோர்வை இல்லாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று நம் கரையில் மீனுக்கோ கருவாட்டுக்கோ பழைய பிக்கப் வண்டி தேடிக்கொண்டிருக்கிறவர் யாராக இருந்தாலும் இதை முழுசாகப் படியுங்கள். எந்த வண்டி நம் ஊருக்குத் தாங்கும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். தங்கச்சிமடத்தில் இருந்து ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை வரை சரக்கு போகும். கொள்முதலும் கணக்கும் என் பொறுப்பு, கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தம்பி பொறுப்பு. இதுவரை எல்லாம் வாடகை வண்டிதான். ஜூன் 14-உடன் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலில் இறங்கிவிட்டால் வாடகை ஏறிவிடும், ஏறின வாடகைக்கும் கேட்ட நேரத்தில் வண்டி வராது. கட்டின மூட்டை வாசலில் கிடக்கும், ஒரு தூறல் விழுந்தால் அத்தனையும் பூஞ்சை. அதனால் இந்தத் தடைக்காலத்துக்குள் சொந்த வண்டி எடுத்துவிடுவது என்று என் நகையை அடகு வைத்தோம், மிச்சத்துக்கு மகளிர் குழுவில் கடன் எடுத்தோம்.

எந்த வண்டி என்பதைச் சும்மா முடிவு செய்யவில்லை. தம்பி ஓட்டுகிறவர்களிடம் எல்லாம் கேட்டான். டாடா ஏஸ், அதாவது நம் ஊர் குட்டி யானை, 2005-இல் வந்தது, இரண்டு சிலிண்டர் டீசல், முக்கால் டன் வண்டி. சந்துக்குள் திரும்பும், எந்த மெக்கானிக்குக்கும் கைப்பழக்கம். மாருதி சூப்பர் கேரி பெட்ரோல், நான்கு சிலிண்டர், ஓட்ட லகுவாக இருக்கும், ஆனால் அதுவும் முக்கால் டன்னைத் தாண்டாது. எங்களுக்கு எடையைவிட இடம்தான் பிரச்சினை. கருவாட்டு மூட்டை எடை குறைவு, இடத்தை அடைக்கும். ஏழடி பாடியில் உயரமாக அடுக்கிக்கொண்டு பாம்பன் பாலத்துக் காற்றில் போனால் வண்டி ஆடுகிற ஆட்டம் ஓட்டினவனுக்குத்தான் தெரியும். அதற்கு மேலே போனால் அசோக் லேலண்டு தோஸ்த், 2011-இல் வந்தது, மூன்று சிலிண்டர் டீசல், ஒன்றேகால் டன், பாடி எட்டடிக்கும் மேல். மகிந்திரா பொலேரோ பிக்கப் இரண்டரை லிட்டர் என்ஜின், இழுவைக்குக் குறை சொல்ல முடியாது, டீசல் செலவு கூடும், பழைய வண்டிக்கே விலையும் கூடத்தான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6, அதாவது புதிய புகை விதிக்கு ஏற்ற, டீசல் வண்டிகளில் சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கிறது. கரைக்கும் கிட்டங்கிக்கும் இடையில் குறுக்கும் நெடுக்கும் மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், அப்புறம் சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டும். அதனால் அதற்கு முந்தைய பி.எஸ். 4 வண்டியில், ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுகிற மாதிரி, 2018 மாடல் பார்த்தோம். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. வண்டி செய்தவன் மேல் குற்றம் இல்லை, விற்றவன் மேல்தான்.

விற்றது மதுரைப் பக்கம் உள்ள ஓர் ஆட்டோ கன்சல்டிங். பழைய வண்டி விற்கிற ஆப்பில் படம் பார்த்துப் பேசிவிட்டு நேரில் போனோம், தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டுதான் போனோம். கன்சல்டிங்காரன் எங்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். ஆறிக் கிடந்த என்ஜினை எங்கள் கண் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக் காட்டினான், கரி இல்லை. ஆயில் மூடியைத் திறந்து காட்டினான், ஆவி அடிக்கவில்லை. சாவியைத் தம்பி கையில் கொடுத்து ரிங் ரோடு வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னான். என்ஜின் சுத்தம் என்று மெக்கானிக்கும் சொன்னார். அது உண்மைதான், இன்றைக்கும் என்ஜினில் குறை இல்லை.

எனக்கு அடிப்பக்கம் பார்க்க வேண்டும் என்றேன். கடலோரத்தில் இருக்கிறவளுக்கு அந்தப் பயம் இல்லாமல் இருக்குமா? அவன் முகம் சுளிக்கவில்லை. அவனே ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்துத் தரையில் போட்டு, "படுத்துப் பாருங்க தம்பி" என்று டார்ச்சும் கொடுத்தான். சேஸ் முழுக்கக் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. "இப்பத்தான்க்கா ஆண்டி ரஸ்ட் அடிச்சேன். உங்க ஊருக்குப் போகுதுன்னு தெரிஞ்சதும் அடிச்சேன், அதுக்குத் தனியா காசு வேண்டாம்" என்றான். "கடலோர வண்டியை நான் யார்டுக்குள்ளயே விடமாட்டேன்க்கா. இது திருமங்கலத்துல காய்கறி ஏத்தின வண்டி. உப்புக்காத்துன்னா என்னன்னே இதுக்குத் தெரியாது." இந்த வார்த்தைக்குத்தான் 3,60,000 ரூபாய் கொடுத்தேன். 3,85,000 சொன்னதை அவனாகவே குறைத்தான். எங்கம்மாவுக்கு நெத்திலிக் கருவாடுன்னா உசிருக்கா என்று சொன்னான், வண்டி எடுக்கப் போன அன்றைக்கு அந்த அம்மாவுக்கு என்று நல்ல நெத்திலியாகப் பொறுக்கி ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டுதான் டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கினான்.

வண்டி ஒழுங்காக ஓடினது கொஞ்ச நாள்தான். உச்சிப்புளி தாண்டி ஒரு வேகத்தடையில் பின்பக்கம் படார் என்று சத்தம், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கமான் பட்டையைத் தாங்குகிற ஹேங்கர் சேஸில் இருந்து பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. அன்றைக்கு ஏற்றியிருந்தது பாதி லோடு. வெல்டிங் பட்டறைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சேஸில் லேசாகக் குத்தினார், அந்தப் பக்கம் வந்துவிட்டது. கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து ஒட்டியிருக்கிறார்கள், தகட்டுக்கு அடியில் இரும்பே இல்லை, கையால் கிள்ளினால் அடை அடையாக உதிர்கிறது. பாடியைத் தூக்கிப் பார்த்தபோது குறுக்குச் சட்டமும் சேஸும் சேருகிற மூலைகளில் உப்புப் பொருக்கோடு சேர்ந்து இறுகிப்போன மீன் செதில். விரல் நகம் அளவுக்குப் பெரிய செதில். நான் பார்த்து வளர்ந்த பொருள் அது, எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் செதில் கிடையாது.

ஐஸ் பெட்டி ஏற்றின வண்டி அது. ஐஸ் உருகின மீன் தண்ணீர் பாடித் தகட்டின் இடுக்கு வழியாக இறங்கிச் சேஸின் மேல் தேங்கி, வருஷக்கணக்கில் அரித்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. அப்புறம் தம்பி வண்டி எண்ணைப் போட்டு அரசு இணையதளத்தில் அபராத விவரத்தை எடுத்தான். பழைய அபராதங்கள் தூத்துக்குடியில் போட்டவை. பதிவு மட்டும்தான் மதுரை.

அன்றைக்கே போன் போட்டேன். "வண்டியைக் கொண்டாங்கக்கா, பார்த்துடலாம்" என்றான். ஒரு பக்கம் ஒடிந்து கிடக்கிற வண்டியை மதுரைக்கு எப்படி ஓட்டிக்கொண்டு போவது? ஆளை அனுப்புங்கள் என்றால் நாளைக்கு என்றான். மறுநாள் ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று ஒரு பையன் எடுத்தான். படமும் வீடியோவும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பார்த்துவிட்டான், பதில் இல்லை. பிறகு அவனே கூப்பிட்டு, நீங்கள் ஓவர்லோடு ஏற்றிவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தான். எடைச்சீட்டு இருக்கிறது என்றதும் பேச்சை மாற்றி, "எஃப்.சி. இருக்குல்லக்கா, ஆர்.டி.ஓ.வே பார்த்துக் கையெழுத்துப் போட்ட வண்டி" என்றான். எட்டு வருஷம் ஆகாத லோடு வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கு, காட்ட வேண்டும், அந்த இடைவெளியில் மீன் தண்ணீர் எவ்வளவு தின்னும் என்று அவனுக்குத் தெரியாதா? அடுத்த தடவை, நாங்க வெறும் புரோக்கர்தான், ஆர்.சி.யில பேர் இருக்கிறவரைக் கேளுங்க என்றான். 3,60,000 ரூபாயும் அவன் கையிலும் அவன் கணக்கிலும்தானே போனது! ஆர்.சி.யில் பெயர் உள்ளவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், நான் அந்த வண்டியை எப்பவோ கன்சல்டிங்குக்குத் தள்ளிவிட்டேன் என்கிறார்.

நேரிலேயே போனோம். அப்போதுதான் டெலிவரி நோட்டை எடுத்து நீட்டினான், அடியில் பொடி எழுத்தில் 'வண்டியை உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருக்கிறது. பழைய வண்டின்னா அப்படித்தான்க்கா என்று சொல்லிவிட்டு, பத்தாயிரம் தருகிறேன், வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள் என்றான். 3,60,000 ரூபாய்க்குப் பத்தாயிரம். திருமங்கலத்துக் காய்கறி வண்டி என்று சொன்னாயே என்று என் தம்பி கேட்டதற்கு, "நான் சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டான். கேட்ட வாய் அதே வாய். அதற்குப் பிறகு என் எண்ணையும் தம்பி எண்ணையும் பிளாக் செய்துவிட்டான். காவல் நிலையத்தில் இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கம்மா என்று சொல்லிவிட்டார்கள்.

சேஸ் மாற்றலாமா என்று கேட்டோம். அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆகிற செலவுக்கு இன்னொரு பழைய வண்டியே பார்க்கலாம் என்கிறார்கள். ஒட்டு வைத்தால் நிற்காது, உயிரோடு விளையாடாதீர்கள் என்று பட்டறைக்காரரே சொல்லிவிட்டார். பாம்பன் பாலத்தின் மேல் போகும்போது அந்த ஹேங்கர் பிய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. வண்டியை ஓட்டியது என் தம்பி. விற்றவனுக்கு அது தெரியும், தகடு வைத்து ஒட்டினவனுக்கு அது எந்த இடத்தில் விடும் என்பதும் தெரியும். காயலான் கடையில் எடை போட்டால் என்ன வரும் என்று பார்த்தோம், அதை இங்கே எழுத மனசு வரவில்லை. நகைக்கு வட்டி ஏறுகிறது, குழுவுக்கு வாரத் தவணை நிற்காது, சரக்கு பழையபடி வாடகை வண்டியில் போகிறது.

எந்த வண்டி நல்லது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. நம் கரையில் என்ஜினும் மைலேஜும் இரண்டாவது, அடியில் இருக்கிற இரும்புதான் முதலில். புதுக் கறுப்புப் பெயிண்ட் அடித்த சேஸ் என்றால் அந்த வண்டியே வேண்டாம். பழைய பெயிண்டோடு மண்ணோடு இருக்கிற சேஸ் மேல். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் பட்டி. கமான் ஹேங்கர் மாட்டியிருக்கிற இடத்தையும் பாடியும் சேஸும் சேருகிற இடத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், குத்த விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வண்டி எண்ணைப் போட்டு அபராதம் எந்த ஊரில் போட்டது என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். அவன் வாயால் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், எந்த ஊரில் ஓடியது, என்ன ஏற்றியது, எல்லாம். 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியிருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வியாபாரத்துக்கு வாங்கின வண்டிக்கு நுகர்வோர் வழக்கு செல்லாது என்று பயமுறுத்துவார்கள், எனக்கும் சொன்னார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கி ஓட்டுகிறவர்கள் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தும் புகார் சொல்லலாம். நான் சொல்லிவிட்டேன், மனுவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மதுரைப் பக்கம் இதே மாதிரி கறுப்புப் பெயிண்ட் அடித்த வண்டி வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், டெலிவரி நோட்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒரே ஆள் என்றால் சேர்ந்தே மனு கொடுக்கலாம்.